கணவர் டொரன்டோவில், மனைவி திட்டக்குடியில்... நடுவில் ஒரு விசிட்டர் விசா!

திட்டக்குடியில் இரவு 9 மணி என்றால், டொரன்டோவில் காலை 11.30. குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டால் காலை 10.30. இந்தக் கணக்கு அந்தப் பெண்ணுக்கு இப்போது தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

பெயர் வேண்டாம். வெள்ளாற்றங்கரையில் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். பெண் தனியார் பள்ளியில் டீச்சர். மாப்பிள்ளை கனடாவில் பி.ஆர். எனப்படும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர். ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, ஊரறிய நடந்த கல்யாணம். ஒரு மாத லீவில் வந்த மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு எல்லாமே வீடியோ காலில்தான்.

"கல்யாணம் ஆகி பத்து மாசம் ஆச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தது இருபத்தெட்டு நாள்" என்று பெண்ணின் அம்மா விரல் விட்டு எண்ணுகிறார். ஸ்பான்சர் விண்ணப்பம் போட்டாகிவிட்டது. எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. "அதுவரைக்கும் ஒரு விசிட்டர் விசாவுல போய் பாத்துட்டு வரக் கூடாதா?" என்பது வீட்டில் எல்லோருடைய கேள்வி.

கேள்வி எளிதானது. பதிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன.

ஒரே பெண், இரண்டு விண்ணப்பம்

முதல் விண்ணப்பம், நிரந்தரமாகக் குடியேறுவதற்கானது. கனடாவில் குடிமகனாகவோ பி.ஆர். ஆகவோ இருக்கும் 18 வயது நிரம்பியவர், தன் கணவன் அல்லது மனைவியை ஸ்பான்சர் செய்யலாம். பி.ஆர். வைத்திருப்பவர் கனடாவில் வசித்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். ஊரில் வந்து உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது. மனைவி அங்கே பி.ஆர். ஆன நாளிலிருந்து 3 வருடங்களுக்கு அவருடைய அடிப்படைத் தேவைகளுக்குத் தானே பொறுப்பு என்று கணவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கியூபெக் மாகாணத்துக்கு மட்டும் சில தனி விதிகள் உண்டு.

2024 ஏப்ரல் 30-ல் மாற்றப்பட்ட கட்டணப்படி, ஸ்பான்சர் கட்டணம் 85 கனடிய டாலர், விண்ணப்பக் கட்டணம் 545, நிரந்தரக் குடியுரிமைக் கட்டணம் 575. மொத்தம் 1,205 டாலர். கைரேகைக்குத் தனியாக 85. இந்தக் கட்டணங்கள் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை மாறும் என்பதால், கட்டுகிற நாளில் அரசு இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது விண்ணப்பம், சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கானது. கட்டணம் 100 டாலர். ஆனால், இதைப் பரிசீலிக்கும் அதிகாரி ஒரு விஷயத்தைத் திருப்தியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கனடாவின் குடியேற்ற விதிகளில் 179-வது விதி சொல்கிறது. கொடுக்கப்பட்ட கெடு முடிந்ததும் இவர் கிளம்பிவிடுவாரா என்பதுதான் அது.

சிக்கல் இதுதான். ஒரு தாளில் "நான் அங்கேயே வாழ வேண்டும்" என்று எழுதியாயிற்று. இன்னொரு தாளில் "பார்த்துவிட்டு வந்துவிடுவேன்" என்று எழுத வேண்டும். இரண்டும் ஒரே பெண்ணின் கையெழுத்து. அதிகாரி எதை நம்புவார்?

இரண்டு ஆசையும் இருக்கலாம் என்கிறது சட்டம்

இந்தக் கேள்வியைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்காமல் விடவில்லை. 2002-ல் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடியேற்ற மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தில், 22-வது பிரிவின் 2-வது உட்பிரிவு இதைப் பற்றியதுதான். ஒருவருக்கு நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருக்கிறது என்பதே, அவர் தற்காலிகமாக வந்து போவதற்குத் தடையாகாது. கெடு முடிவதற்குள் கிளம்பிவிடுவார் என்று அதிகாரி திருப்தி அடைந்தால் போதும். இதை 'இரட்டை நோக்கம்' என்று சொல்கிறார்கள்.

அதாவது, "கணவரோடு வாழ ஆசை" என்று சொல்வது குற்றமல்ல. "அந்த ஆசை நிறைவேறும் வரை உங்கள் விதியை மீற மாட்டேன்" என்று காட்டினால் போதும்.

சட்டத்தில் இடம் இருந்தும், நடைமுறையில் இப்படிப்பட்ட விசாக்கள் நிறையவே மறுக்கப்பட்டு வந்தன. "கணவர் அங்கே இருக்கிறார், இவர் எப்படித் திரும்புவார்?" என்ற சந்தேகம்தான் காரணம். 2023 மே மாதம், அப்போதைய குடியேற்றத் துறை அமைச்சர் ஷான் ஃபிரேசர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஸ்பான்சர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் கணவன், மனைவியருக்கான விசிட்டர் விசாவைத் தனியாகக் கவனித்து, பெரும்பாலானவற்றை 30 நாட்களுக்குள் முடிக்க முயற்சி செய்யப்படும் என்பது அதில் முக்கியமானது.

அதே 2023 அக்டோபரில் இந்தியா, கனடா உறவில் விரிசல் விழுந்து, கனடா தன் தூதரக அதிகாரிகள் 41 பேரை இந்தியாவிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. இந்தியாவில் இருந்த குடியேற்றத் துறை ஊழியர்கள் 27 பேரிலிருந்து 5 பேராகக் குறைந்தார்கள். வேலை வேறு நாட்டு அலுவலகங்களுக்குப் போனது. டெல்லியில் இரண்டு அரசுகள் முறைத்துக்கொண்டால், திட்டக்குடியில் ஒரு டீச்சரின் தபால் தாமதமாகிறது. எனவே, 30 நாள் என்பதை இலக்காக எடுத்துக்கொள்ளலாமே தவிர, உத்தரவாதமாக எண்ணி டிக்கெட் போட்டுவிடக் கூடாது.

"கல்யாணமே ஆகலன்னு போடுங்க..."

இப்படி ஒரு வீட்டில் விசா பேச்சு அடிபட ஆரம்பித்தால், எங்கிருந்தாவது ஒரு யோசனை வந்து நிற்கும். "ஸ்பான்சர் போட்டிருக்கிறத சொல்லவே சொல்லாதீங்கம்மா. சும்மா டூர்னு போடுங்க. சித்தி வீட்டுக்குப் போறேன்னு போடுங்க. புருஷன் அங்க இருக்கார்னு தெரிஞ்சா விசா கிடைக்காது."

அக்கறையோடு சொல்வதுபோல்தான் இருக்கும். ஆனால், இதைவிட ஆபத்தான யோசனை வேறு இல்லை.

விசிட்டர் விசாவோடு கொடுக்கும் குடும்ப விவரப் படிவத்தில் கணவன் அல்லது மனைவியின் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்கப்படும். ஸ்பான்சர் விண்ணப்பமும் அதே துறையின் கணினியில் அதே பாஸ்போர்ட் எண்ணோடு இருக்கிறது. மறைத்தால் மறையாது. மாட்டினால், அதே சட்டத்தின் 40-வது பிரிவு பாயும். தவறான தகவல் தந்ததாகவோ, சொல்ல வேண்டியதை மறைத்ததாகவோ முடிவானால் 5 வருடங்களுக்குக் கனடாவுக்குள் வரத் தடை. அந்தத் தடை விசிட்டர் விசாவோடு நிற்காது. நிலுவையில் இருக்கும் ஸ்பான்சர் விண்ணப்பத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆறு மாதம் பார்த்துவிட்டு வர ஆசைப்பட்டு, ஐந்து வருடத்தைத் தொலைப்பதுதான் மிச்சம்.

முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் அதையும் சொல்லியே ஆக வேண்டும். "அது சிங்கப்பூர் விசாதானே" என்று விடுவதும் மறைத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து விண்ணப்பிக்கும் பெண்ணுடையது. பழியும் அவருடையதுதான். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் அவரே படித்துப் பார்க்க வேண்டும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு கனடா குடியேற்றத்துக்கு ஆலோசனை சொல்பவர், அந்த நாட்டில் உரிமம் பெற்ற வழக்கறிஞராகவோ, குடியேற்ற ஆலோசகர்களுக்கான கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். அந்த அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்வி

இதே வரிசையில் இன்னொரு மறைப்பு உண்டு. பி.ஆர். கிடைக்கப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொள்கிறார். "இப்ப கல்யாணம்னு சொன்னா ஃபைல் லேட் ஆகும்" என்று அதைத் தெரிவிக்காமல், தனி ஆள் என்றே போய் இறங்கிவிடுகிறார். பி.ஆர். ஆகும் நேரத்தில் சொல்லாமல் விட்ட மனைவியையோ குழந்தையையோ பின்னால் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது என்று 117-வது விதி சொல்கிறது. சில சூழல்களுக்கு விலக்கு தரும் ஏற்பாடு உண்டு என்றாலும், அதை நம்பி வாழ்க்கையைத் தொடங்க முடியாது.

எனவே, சம்பந்தம் பேசும்போது சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா என்று கேட்பதோடு, "பி.ஆர். எப்போது கிடைத்தது? கல்யாணத்துக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் கல்யாண விவரத்தைத் தெரிவித்தாகிவிட்டதா?" என்றும் கேட்டுவிடுவது பெண் வீட்டாருக்கு நல்லது. இன்னொன்று, மாப்பிள்ளை நேரில் வராமல் வீடியோவிலேயே நடக்கும் கல்யாணத்தை, 2015 ஜூனிலிருந்து கனடா குடியேற்ற விஷயத்தில் ஏற்பதில்லை. தாலி கட்டும் இடத்தில் இருவரும் இருந்தாக வேண்டும்.

ஃபைலில் என்ன இருக்க வேண்டும்?

திட்டக்குடிப் பெண்ணின் கதைக்கு வருவோம். உண்மையைச் சொல்லியே விண்ணப்பிப்பது என்று முடிவாகிவிட்டது. என்னென்ன சேர்ப்பது?

முதலில், ஸ்பான்சர் விண்ணப்பம் பெறப்பட்டதற்குக் குடியேற்றத் துறை அனுப்பும் கடிதம். பிறகு, கணவரின் பி.ஆர். அட்டை நகல், வேலைச் சான்று, வருமான விவரம், தங்கப் போகும் வீட்டின் முகவரி, அழைப்புக் கடிதம். அடுத்து, திரும்பி வருவதற்கான காரணங்கள். பள்ளியில் எத்தனை நாள் லீவு, எந்தத் தேதியில் மறுபடி வேலையில் சேர வேண்டும் என்று நிர்வாகம் தரும் கடிதம். அம்மா, அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, வங்கிச் சேமிப்பு, பெயரில் நிலம் இருந்தால் அதன் ஆவணம். வேலையில் இல்லாதவர் பயப்பட வேண்டியதில்லை. இருப்பதை இருப்பதாகக் காட்டினால் போதும். திடீரென்று கணக்கில் பல லட்சம் கொண்டுவந்து போட்டு எடுப்பது உதவாது. அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத்தான் எழுப்பும்.

கல்யாணத்துக்குச் சான்று முக்கியம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ன்படி, எந்த மதத்துத் திருமணமாக இருந்தாலும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. மாப்பிள்ளை விமானம் ஏறும் முன் இதை முடித்துவிடுவது புத்திசாலித்தனம். ஐயர் வைத்து நடந்த கல்யாணமா, மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணமா என்பது பிரச்னையில்லை. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் இரண்டுமே செல்லும்.

அடுத்தது, நம் ஊருக்கே உரிய பெயர்ச் சிக்கல். பள்ளிச் சான்றிதழில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, திருமணச் சான்றிதழில் கணவர் பெயரோடு. வெளிநாட்டு அதிகாரியின் கண்ணுக்கு இது நான்கு பெண்கள்! விண்ணப்பத்தில் எப்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, மற்ற பெயர்கள் எல்லாம் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்துச் சேர்க்க வேண்டும். கல்யாணமானதும் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் தேவை.

கைரேகை கொடுக்க சென்னையில் விசா விண்ணப்ப மையம் இருக்கிறது. ஸ்பான்சர் விண்ணப்பத்துக்காக ஏற்கெனவே கைரேகை கொடுத்து, அந்த விண்ணப்பம் நிலுவையில் இருந்தால், விசிட்டர் விசாவுக்கு மறுபடி கொடுக்கத் தேவையில்லை. விருத்தாசலம் போய் ரயில் பிடித்து சென்னைக்கு அலையும் ஒரு நாள் மிச்சம்.

போய் இறங்கிய பிறகு...

விசா என்பது வாசல் வரை போவதற்கான அனுமதிதான். உள்ளே விடுவது டொரன்டோ விமான நிலையத்தில் இருக்கும் எல்லைப் பாதுகாப்பு அதிகாரியின் கையில். "எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டால், "கணவரைப் பார்க்க. ஸ்பான்சர் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். இத்தனாம் தேதி திரும்ப டிக்கெட் இருக்கிறது" என்று மூன்று வரியில் உண்மையைச் சொன்னால் போதும். ஆவணங்களின் நகல் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால், கேட்கும்போது எடுக்க முடியாது.

வேறு தேதி எதுவும் குறிப்பிடாவிட்டால், வந்த நாளிலிருந்து 6 மாதம் தங்கலாம். விசா பத்து வருடத்துக்குக் கொடுத்திருந்தாலும் ஒரு முறை தங்கும் காலம் இதுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கெடு தாண்டி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மேலும் தங்க வேண்டும் என்றால், கெடு முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்படி விண்ணப்பித்தவர் முடிவு வரும் வரை அங்கே சட்டப்படியே இருக்கலாம்.

விசிட்டராக இருக்கும்போது வேலை செய்யக் கூடாது. தெரிந்தவர் கடையில் இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்து காசு வாங்குவதும் வேலைதான். 2023 மே அறிவிப்புக்குப் பிறகு, ஸ்பான்சர் விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர், கனடாவில் முறையான அந்தஸ்தோடு கணவருடன் தங்கியிருந்தால், திறந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அது கையில் வந்த பிறகு வேலைக்குப் போகலாம்.

மருத்துவச் செலவு இன்னொரு கவலை. விசிட்டருக்கு அங்குள்ள மாகாண அரசின் இலவச மருத்துவம் பொதுவாகக் கிடைக்காது. தனியார் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். பிரசவச் செலவு அதில் அடங்குமா என்று பாலிசியைப் படித்துப் பார்ப்பது இளம் தம்பதிக்கு மிக அவசியம்.

போய்ச் சேர்ந்த பிறகு, "வெளிநாட்டிலிருந்து போட்ட விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டு, உள்நாட்டிலிருந்தே புதிதாகப் போடலாமே" என்று ஒரு யோசனை வரும். அவசரப்படக் கூடாது. வெளிநாட்டுப் பிரிவில் போட்டவர் விசிட்டராக அங்கே இருந்தாலும் விண்ணப்பம் அதன் போக்கில் நடக்கும். அது மறுக்கப்பட்டால், குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவில் கணவர் முறையிடலாம். உள்நாட்டுப் பிரிவில் போட்டு மறுக்கப்பட்டால் அந்த மேல்முறையீடு கிடையாது, ஃபெடரல் நீதிமன்றம்தான். நடுவில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்கு வந்துவிட்டால், மறுபடி உள்ளே விடுவார்கள் என்ற நிச்சயமும் இல்லை.

மறுத்துவிட்டால்?

மறுப்புக் கடிதம் வந்தால் வீடே இடிந்துபோகும். ஆனால், விசிட்டர் விசா மறுக்கப்பட்டதால் மட்டும் ஸ்பான்சர் விண்ணப்பம் கெட்டுப்போவதில்லை. இரண்டும் தனித்தனி.

மறுத்த மறுநாளே அதே தாள்களை மறுபடி அனுப்புவதில் பயனில்லை. கடிதத்தில் இரண்டு, மூன்று வரிதான் இருக்கும். அதிகாரி உள்ளே எழுதிய குறிப்பைத் தகவல் பெறும் சட்டத்தின் கீழ், மனைவியின் ஒப்புதலோடு கணவர் கனடாவிலிருந்து கேட்டு வாங்கலாம். எது போதவில்லை என்று தெரிந்துகொண்டு, அதைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். முடிவு நியாயமற்றது என்று தோன்றினால் 60 நாட்களுக்குள் ஃபெடரல் நீதிமன்றத்தை அணுகலாம். அதற்கு அங்குள்ள வழக்கறிஞர் தேவை, செலவும் அதிகம்.

கனடாவுக்குச் சொன்ன இந்த விதிகளை மற்ற நாடுகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. பிரிட்டனில் விசிட்டராகப் போய், அங்கிருந்தபடியே மனைவி விசாவுக்கு மாற முடியாது. ஊருக்குத் திரும்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்பான்சர் செய்பவருக்கான குறைந்தபட்ச ஆண்டு வருமானமும் 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. அமெரிக்கச் சட்டத்தின் 214-பி பிரிவு, விசிட்டர் விசா கேட்பவரைக் குடியேற வருபவர் என்றே முதலில் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பிப்பவர் பொறுப்பு. ஆஸ்திரேலியா தரும் விசிட்டர் விசாவில் 8503 என்ற எண்ணில் ஒரு நிபந்தனை இருந்தால், அங்கிருந்தபடியே வேறு விசாவுக்கு மாறுவது கிட்டத்தட்ட முடியாது. பெரியம்மா மகள் லண்டனுக்குப் போன கதையை வைத்து டொரன்டோவுக்கு முடிவெடுத்தால் வம்புதான்.

பாஸ்வேர்டு யாரிடம்?

காத்திருக்கும் பெண்ணுக்கு இன்னொரு பயம் உண்டு. அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "ஸ்பான்சர் போட்டாச்சு, வரும்" என்று கணவர் சொல்கிறார். உண்மையிலேயே போட்டிருக்கிறாரா?

நம்பிக்கை வேறு, விவரம் தெரிந்திருப்பது வேறு. விண்ணப்பம் பெறப்பட்ட கடிதம், விண்ணப்ப எண், தன் பெயரில் உள்ள ஆன்லைன் கணக்கின் பாஸ்வேர்டு, அதற்குக் கொடுத்திருக்கும் இமெயில் எல்லாம் மனைவியின் கையிலும் இருக்க வேண்டும். இதைக் கேட்பது சந்தேகம் ஆகாது. அவருடைய வாழ்க்கை பற்றிய ஃபைல் அது. பி.ஆர். கிடைப்பதற்கு முன் கணவர் ஸ்பான்சரை வாபஸ் வாங்கினால், விண்ணப்பம் அதோடு நின்றுவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பி.ஆர். கிடைத்த பிறகு நிலைமை வேறு. 2012-லிருந்து, ஸ்பான்சரில் வந்த சிலர் 2 வருடம் துணையோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் பி.ஆர். நிலைக்கும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அடி, உதை வாங்கினாலும் விசாவுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்ததால் எதிர்ப்பு எழுந்தது. 2017 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. உண்மையான கல்யாணமாக இருந்து, பி.ஆர். ஆன பிறகு கொடுமை தாங்காமல் பிரிந்தால், அதற்காக மட்டும் பி.ஆர். பறிபோகாது.

வெளிநாட்டுக் கணவர் கைவிட்டால் புகார் செய்ய, டெல்லியில் தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான தனிப் பிரிவு 2009-லிருந்து இயங்குகிறது. தமிழக அரசுக்கும் அயலகத் தமிழர்களுக்கென்று தனித் துறையும் நல வாரியமும் இருக்கின்றன. தேவைப்படாமல் போகட்டும். இருப்பது தெரிந்திருக்கட்டும்.

நூறு வருடத்துக்கு முன் இதே வாசலில்

கணவர் ஒரு கரையில், மனைவி ஒரு கரையில் என்ற கதை புதிதல்ல. 1908-ல் கனடா ஒரு விதி கொண்டுவந்தது. சொந்த நாட்டிலிருந்து நடுவில் எங்கும் நிற்காமல் நேராகப் பயணம் செய்து வருபவரைத்தான் உள்ளே விடுவோம் என்றது. இந்தியாவிலிருந்து அப்படி நேரான கப்பல் வசதியே இல்லை. ஏற்கெனவே அங்கே உழைத்துக்கொண்டிருந்த இந்திய ஆண்களின் மனைவி, குழந்தைகளுக்கு இதனால் கதவு மூடியது. 1912 தொடக்கத்தில் பாக் சிங், பல்வந்த் சிங் என்ற இருவர் குடும்பத்தோடு வான்கூவரில் வந்து இறங்கினார்கள். ஆண்கள் உள்ளே வரலாம், மனைவி குழந்தைகள் திரும்ப வேண்டும் என்று உத்தரவானது. போராட்டத்துக்குப் பிறகு, கருணை அடிப்படையில் என்று சொல்லி அவர்களை விட்டார்கள். மற்றவர்களின் மனைவியருக்கு வழி பிறக்க 1919 வரை ஆனது.

அன்று கருணை என்று கொடுத்ததை, இன்று சட்டப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்க முடிகிறது. அந்த அளவுக்குக் காலம் மாறியிருக்கிறது.

திட்டக்குடி வீட்டில் அந்தப் பெண் லேப்டாப் முன் உட்கார்ந்து, விண்ணப்பத்தோடு சேர்க்கும் கடிதத்தைத் தானே எழுதுகிறார். "என் கணவரோடு வாழ விரும்புகிறேன். அதற்கான விண்ணப்பம் உங்கள் துறையிடம்தான் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அவரைப் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்கிறேன். பள்ளி திறக்கும் முன் திரும்பி விடுவேன்." நான்கு வரி. நான்கும் உண்மை.

அம்மா பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார். "ஸ்பான்சர் போட்டதெல்லாம் சொல்லணுமாடி? அதப் பாத்துட்டு கொடுக்காம போயிட்டா?"

"கொடுக்கலன்னா இன்னும் கொஞ்ச நாள் போன்ல பேசிக்கிறோம்மா. பொய் சொல்லி மாட்டிக்கிட்டா அஞ்சு வருஷம் போன்லயேதான் பேசணும்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி ஒம்போது ஆகப் போகுது. மாப்பிள்ளை கூப்பிடுவாரு, சாப்பிட்டுட்டுப் பேசு" என்று தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போகிறார்.